சுவர் இருந்தால்தான் சித்திரம்: இன்ஜின் மாற்ற எந்தப் ‘பாடி’யைத் தேர்ந்தெடுப்பது?

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் ஒரு பழைய காரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. லயன் வீட்டின் பின்புறத்திலோ, செம்பனை நிழலிலோ, கோயில் கொட்டகையின் ஓரத்திலோ ஒரு புரோட்டோன் சாகாவோ, வீராவோ, பெரோடுவா கஞ்சிலோ டயரில் காற்றிறங்கிக் கிடக்கும். அந்த வீட்டு இளைஞருக்கு அது ஒரு கனவு. “ஜப்பான் இன்ஜின் ஒன்றைப் போட்டால் போதும், பறக்கும்” என்பார்.

அந்தக் கனவுக்காக ஒன்றிரண்டு ஆண்டுச் சம்பளச் சேமிப்பைச் செலவழிப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் மாதக்கணக்கில் பேசுகிறார்கள். அதைச் சுமக்கப்போகும் கூட்டை, அதாவது ‘பாடி’யை, ஒரே மாலையில் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பணம் பறிபோவது அங்கேதான். இன்ஜின் பழுதானால் வேறு ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். பாடி தவறாக அமைந்துவிட்டால் அதில் போட்ட இன்ஜின், வயரிங், கூலி எல்லாமே வீண். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பெரியவர்கள் சொன்னது காருக்கும் பொருந்தும்.

கூடுதான் கார்

பழைய லோரிகளில் கீழே இரும்புச் சட்டம் தனியாகவும், மேலே உடல் தனியாகவும் இருக்கும். சாகா, வீரா, கஞ்சில், ஹோண்டா சிவிக் போன்ற கார்களில் அப்படி இல்லை. தரை, தூண்கள், கூரை, இன்ஜின் அறையின் பக்கச் சுவர்கள் ஆகிய அனைத்தும் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. இன்ஜினின் எடையையும் முறுக்கையும், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வரும் அடியையும் அந்தக் கூடு முழுவதும் பகிர்ந்து தாங்குகிறது.

ஆகவே ஓரிடத்தில் துரு அரித்திருந்தால் அல்லது வளைந்திருந்தால் அதன் பாதிப்பு அந்த இடத்தோடு நிற்காது. 75 குதிரைத்திறனில் ஓடியபோது தெரியாத குறை, 150 குதிரைத்திறனில் ஓடும்போது கார் நேராகப் போகாமல் இழுப்பதிலும், கண்ணாடி விரிசலிலும், கதவு சரியாக மூடாததிலும் தெரியவரும். மிக மோசமான நிலையில், பிரேக் மிதிக்கும் நேரத்தில் தெரியவரும்.

முதலில் கிரான், பிறகுதான் கார்

பாடியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இரும்பை அல்ல, காகிதத்தை. சாலைப் போக்குவரத்து இலாகா, அதாவது ஜேபிஜே, ஒரு காரை அதன் சேசிஸ் எண்ணைக் கொண்டு அடையாளம் காண்கிறது. பல பழைய புரோட்டோன் கார்களில் அந்த எண், இன்ஜின் அறையின் பின்சுவரில் இரும்பிலேயே அடிக்கப்பட்டிருக்கும். அது கிரானில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த தழும்பு, அங்கு மட்டும் புதிதாகத் தெரியும் சாயம், எழுத்துகளின் இடைவெளியில் கோணல் ஆகியவை இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. ஒரு காரின் எண் உள்ள துண்டை வெட்டி மற்றொரு காரில் ஒட்டுவது குற்றம். அப்படிப்பட்ட காரை வாங்கியவர், தாம் அறியாமல் வாங்கியதாக நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம். திருட்டுப் பொருளைத் திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டம் 411ஆவது பிரிவின் கீழ் குற்றமாகும்.

“கிரான் இல்லை, அதனால்தான் மலிவு” என்று சொல்லி விற்கப்படும் பாடிகளைப் பற்றி ஒரே விதிதான். அவை சாலைக்கு வராது. எவ்வளவு அழகான இன்ஜினைப் போட்டாலும் அதற்குச் சாலை வரியும் காப்புறுதியும் கிடைக்காது. ஜப்பானிலிருந்து ‘ஹாஃப் கட்’டாக வரும் முன்பாதியைச் சேர்த்து ஒட்டிய காரும் இதே வகைதான். ஹாஃப் கட் உதிரிபாகமாக வருகிறதே தவிர, காராக வருவதில்லை.

அப்பாவின் பெயரில் கிரான்

தோட்டங்களில் அடிக்கடி காணப்படும் நிலை இது. கார் வீட்டிலேயே இருக்கிறது, கிரானும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது காலமாகிவிட்ட தந்தையின் பெயரில் இருக்கிறது. இன்ஜினை மாற்றிவிட்டுப் பிறகு பெயரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பலர். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

இறந்தவரின் பெயரில் உள்ள கார் அவருடைய சொத்தின் ஒரு பகுதி. உயில் இல்லாமல் விட்டுச்சென்ற அசையும் சொத்துகள் 600,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத நிலையில் அமானா ராயா நிறுவனத்தை நாடலாம். அங்கு பெறும் ஆவணத்தைக் கொண்டு ஜேபிஜேயில் உரிமை மாற்றம் செய்ய வேண்டும். உடன்பிறந்தவர்களின் சம்மதமும் முன்பே பேசி முடிக்கப்பட வேண்டியது. காரில் பணம் போட்ட பிறகு, “அது என் பங்கும்தான்” என்ற பேச்சு எழுந்தால் குடும்பமும் நோகும், காரும் நிற்கும்.

பல ஆண்டுகளாகச் சாலை வரி புதுப்பிக்கப்படாத காராக இருந்தால், அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர என்ன தேவை என்று ஜேபிஜே முகப்பில் நேரில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. நிலுவையில் உள்ள சம்மன்களையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடற்காற்றும் வெள்ளமும்

ஜெராம் முதல் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வரையிலான கரையோரத்தில் வளர்ந்த கார்களுக்கு உப்புக் காற்று ஒரு நோய். உட்பகுதியில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், பத்தாங் காலி பக்கம் வளர்ந்த கார்களுக்குச் செம்மண் சேறு ஒரு நோய். மண் சக்கர வளைவின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும்.

மரத்தடியில் நின்ற காரில் இலைச் சருகுகள் முன்கண்ணாடியின் கீழுள்ள வடிகாலை அடைத்திருக்கும். தண்ணீர் அங்கிருந்து இறங்கிக் கால்வைக்கும் தரையை அரித்திருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: முன்பக்க ஷாக் அப்சார்பர் பொருந்தும் கோபுரங்கள், பேட்டரி தட்டின் அடிப்பகுதி, கதவுகளுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி, கார்பெட்டைத் தூக்கினால் தெரியும் தரை, பின்சக்கர வளைவு, உபரி டயர் வைக்கும் குழி. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இந்த இடங்களில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் புட்டி இருக்கிறது. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு ‘டங்’ என்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும்.

2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அத்தகைய கார்கள் கழுவி விற்கப்படுவது வழக்கம். இருக்கையின் தண்டவாளத்தில் துரு, பாதுகாப்புப் பட்டையை முழுவதும் இழுத்தால் அதன் அடியில் சேற்றுக் கோடு, டேஷ்போர்டுக்குள் மண் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும்.

துருவில் இரண்டு வகை உண்டு. ஃபெண்டர், கதவு, பானெட் போன்ற கழற்றி மாற்றக்கூடிய பகுதிகளில் இருந்தால் அது செலவு மட்டுமே. ஷாக் கோபுரத்திலோ தரையின் நீளச் சட்டத்திலோ இருந்தால் அந்தப் பாடியை விட்டுவிட வேண்டும்.

இடிபட்ட கூட்டைக் கண்டுபிடிப்பது

தொழிற்சாலையில் போடப்பட்ட புள்ளிப் பற்றவைப்புகள் சீரான இடைவெளியில், சிறு வட்டக் குழிகளாக இருக்கும். இன்ஜின் அறையின் ஒரு பக்கத்தில் அவை இருந்து மறுபக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. இடது ஷாக் கோபுரத்திலிருந்து ரேடியேட்டர் சட்டத்தின் வலது மூலைக்கும், வலது கோபுரத்திலிருந்து இடது மூலைக்கும் அளவுநாடா பிடித்துப் பார்க்கலாம். இரண்டு குறுக்களவுகளும் ஒத்துப்போக வேண்டும். பெரிய வேறுபாடு இருந்தால் முன்பகுதி கோணியிருக்கிறது. அதில் புதிய இன்ஜினுக்கு மவுண்டிங் அடித்தால் டிரைவ் ஷாஃப்ட் நேராக உட்காராது, அடிக்கடி தேயும்.

எந்த இன்ஜினுக்கு எந்தப் பாடி

பொதுவான விதி எளிது. எந்தக் குடும்பத்து இன்ஜினோ அந்தக் குடும்பத்துப் பாடி. நம் நாட்டுக் கார்கள் பலவற்றுக்கு ஜப்பானில் ஒரு தாய்வீடு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1985இல் வந்த சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவை அடிப்படையாகக் கொண்டது. 1993இல் வந்த வீராவும், பின்னர் வந்த சத்ரியா, புத்ரா ஆகியவையும் அதற்குப் பிந்திய லான்சர் தலைமுறையைச் சேர்ந்தவை. வீரா, புத்ரா வரிசைகளிலும் சத்ரியா ஜிடிஐயிலும் 1.8 லிட்டர் 4ஜி93 இன்ஜின் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. அதனால் லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போவை மாற்ற நினைப்பவருக்கு வீரா, சத்ரியா, புத்ரா பாடிகள் இயல்பாகப் பொருந்துபவை. சாகாவில் இடம் குறுகல். மவுண்டிங்குகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

2 லிட்டர் 4ஜி63 டர்போவை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லான்சர் எவல்யூஷன் முதல் மூன்று பதிப்புகளும் வீராவின் தலைமுறையைச் சேர்ந்தவை. நான்காம் பதிப்பில் மிட்சுபிஷி இன்ஜினையும் கியர்பெட்டியையும் 180 பாகை திருப்பி வைத்தது. ஆகவே வீரா பாடிக்குப் பொருந்துவது முதல் மூன்று பதிப்புகளின் இன்ஜின்தான். எவல்யூஷனின் நான்கு சக்கர இயக்கமும் வேண்டும் என்றால் பின்பகுதித் தரையையே வெட்டி மாற்ற வேண்டிவரும். சாலையில் ஓட்டும் காருக்கு அது நியாயமான செலவல்ல.

இந்தக் குடும்ப உறவு பட்டறைகளில் மட்டும் பேசப்பட்டதல்ல. 2002இல் மலேசியரான கரம்ஜித் சிங் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றது புரோட்டோன் பெர்ட் காரில். அது லான்சர் எவல்யூஷனை அடிப்படையாகக் கொண்ட கார்.

சத்ரியா ஜிடிஐ என்று சொல்லி விற்கப்படும் காரில் இன்னொரு எச்சரிக்கை தேவை. சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பரும் இருக்கையும் போட்டு விற்பது பழைய பழக்கம். கிரானில் இன்ஜின் கொள்ளளவு 1834 சிசி என்று இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும்.

1994இல் வந்த கஞ்சில், டைஹட்சு மிராவின் உறவுக்காரர். ஜப்பானியச் சிறுகார் விதிப்படி செய்யப்பட்ட மிராவின் 659 சிசி டர்போ இன்ஜின் 64 குதிரைத்திறன் தரும். கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் கஞ்சிலின் எடை சுமார் 700 கிலோ மட்டுமே. ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் 90 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. முதல் தலைமுறை மைவி பாடிக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த டைஹட்சு ஒய்ஆர்வியின் 1.3 லிட்டர் டர்போ இன்ஜினைத் தேடுவோர் உண்டு.

ஹோண்டாவில் 1991இலும் 1995இலும் தொடங்கிய இரண்டு சிவிக் தலைமுறைகளில் பி16ஏ இன்ஜின் ஜப்பானிலேயே பொருத்தப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பி18சியும் அவற்றில் உட்காரும்.

பின்சக்கர இயக்கம் வேண்டும் என்பவர்களின் கண்கள் பழைய டொயோட்டா கரோலா கேஇ70, டட்சுன் 120ஒய் ஆகியவற்றின் மீது விழும். கேஇ70இல் 4ஏஜிஇ இன்ஜின் போடுவது பலருக்குப் பிடித்த சேர்க்கை. ஆனால் முன்சக்கர இயக்கக் காரிலிருந்து வந்த 20 வால்வு இன்ஜினை வாங்கினால், பின்சக்கர இயக்கத்துக்கான கியர்பெட்டியைத் தனியாகத் தேட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பின்சுவரில் இடிக்கும் என்பதால் அதையும் மாற்றியமைக்க வேண்டும். முன்பாதியை மட்டும் வெட்டி வரும் ஹாஃப் கட்டில் முன்சக்கர இயக்கக் காருக்குத் தேவையான இன்ஜின், கியர்பெட்டி, வயரிங், கணினி, பிரேக் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. பின்சக்கர இயக்கக் காரின் பாதிப் பொருள் பின்னால் இருக்கிறது. இந்நாட்டில் முதல் வகை செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்நாட்டு வழியும் உண்டு. புரோட்டோனின் 1561 சிசி சிஎஃப்இ டர்போ இன்ஜின் எக்சோரா போல்ட், பிரிவே கார்களில் வந்தது. உதிரிபாகம் இங்கேயே கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் சிவிடி கியர்பெட்டியோடு வந்த இன்ஜின் என்பதால், கையால் கியர் மாற்ற விரும்புவோர் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டு கதவா, நான்கு கதவா

ஒரே மாடலில் தேர்வு இருந்தால் கூரையில் திறப்பு இல்லாத பாடியே நல்லது. வெட்டப்படாத கூரை முறுக்கத்தை நன்றாகத் தாங்கும். எடை குறைவான, அடிப்படை வசதிகள் மட்டும் கொண்ட மாடல் மலிவாகவும் கிடைக்கும். பழைய பட்டறையில் துளையிடப்பட்ட, ஸ்பீக்கருக்காகப் பின்தட்டு வெட்டப்பட்ட, ‘லோவர்’ செய்ய உட்புற வளைவு தட்டப்பட்ட பாடிகளைத் தவிர்க்கலாம். பிறர் கை படாத, சாயம் மங்கிய ஆசிரியர் வீட்டுக் கார், பளபளக்கும் ‘மோடிஃபைட்’ காரைவிடப் பெரும்பாலும் நல்ல பாடி.

தோட்டச் சாலையையும் நினைவில் கொள்ள வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் பள்ளம் போட்ட மண்பாதையில் தினமும் வீடு திரும்ப வேண்டியவர் காரை மிகத் தாழ்த்தினால் எண்ணெய்த் தட்டுதான் முதலில் உடையும்.

சாலை வரியும் காப்புறுதியும்

தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் கார்களுக்கான சாலை வரி இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. 1000 சிசி வரை 20 ரிங்கிட். 1201 முதல் 1400 சிசி வரை 70 ரிங்கிட். 1401 முதல் 1600 சிசி வரை 90 ரிங்கிட். 1801 முதல் 2000 சிசி வரை 280 ரிங்கிட்டோடு, 1800க்கு மேற்படும் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென் சேரும்.

இந்தக் கணக்கில் 1.3 சாகாவுக்கு 70 ரிங்கிட். அதில் 1834 சிசி 4ஜி93 போட்டால் 297 ரிங்கிட். 1997 சிசி 4ஜி63 என்றால் 378 ரிங்கிட் 50 சென். கஞ்சிலில் 659 சிசி டர்போ போட்டாலும் 20 ரிங்கிட்தான். பி16ஏ, 4ஏஜிஇ, சிஎஃப்இ மூன்றும் 90 ரிங்கிட்டுக்குள் அடங்கும்.

வித்தியாசம் சில நூறு ரிங்கிட்தான். அதை மிச்சப்படுத்த இன்ஜின் மாற்றத்தை மறைப்பவர்கள் பெரிய இழப்பைத் தேடிக்கொள்கிறார்கள். இன்ஜின் மாற்றத்துக்கு ஜேபிஜேயின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. கிரானில் புதிய இன்ஜின் எண் ஏற வேண்டும். ஹாஃப் கட் கடையில் இன்ஜின் எண் குறிப்பிட்ட ரசீதையும் இறக்குமதி ஆவணத்தின் நகலையும் வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத காரில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு.

வேகத்துக்கு முன் நிறுத்தம்

இன்ஜினோடு பிரேக்கும் வர வேண்டும். முன்பாதி வாங்குபவர் அதிலிருக்கும் பெரிய டிஸ்க், கேலிப்பர், ஹப், மாஸ்டர் பம்ப் ஆகியவற்றையும் கேட்டு வாங்கலாம். கஞ்சிலின் சிறிய சக்கரத்துக்குள் பெரிய டிஸ்க் நுழையாது. அதற்குச் சக்கரமும் மாற வேண்டும். ஆகவே பாடியைத் தேர்வு செய்யும்போதே, “இதில் எவ்வளவு பெரிய பிரேக் போட முடியும்?” என்பது கேட்க வேண்டிய கேள்வி.

பந்தயத் திடலுக்கு மட்டுமான கார் என்றால் கணக்கு வேறு. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் போன்ற திடலில் ஓட்ட, சாலைப் பதிவு இல்லாத பாடியும் உதவும். ஆனால் அதை லோரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பின்னர் மனம் மாறினாலும் அந்தக் கார் சாலைக்கு வராது.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை

பாடி பார்க்கப் போகும்போது கிரானின் நகல், டார்ச் விளக்கு, அளவுநாடா, காந்தம், பழைய சட்டை ஆகியவை போதும். பகலில், மழை இல்லாத நேரத்தில் பார்க்க வேண்டும். ஈரமான சாயம் எல்லாக் குறையையும் மறைக்கும். பற்றவைப்பு அறிந்த ஒருவரை உடன் அழைத்துப்போவது நல்லது. பெரும்பாலும் அவர் அதே தோட்டத்தில்தான் இருப்பார்.

கையிலுள்ள பணத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதும் உதவும்: பாடிக்கும் அதன் சீரமைப்புக்கும் ஒரு பங்கு, இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் ஒரு பங்கு, பொருத்தும் கூலிக்கும் ஆவணத்துக்கும் ஒரு பங்கு. மூன்றாவது பங்கு இல்லாமல் தொடங்கப்பட்ட கார்கள்தான் லயன் வீட்டின் பின்புறத்தில் பானெட் இல்லாமல் நின்றுகொண்டிருக்கின்றன.

எண் பொருந்தவில்லையா, ஷாக் கோபுரத்தில் துருவா, குறுக்களவு ஒத்துப்போகவில்லையா? மூன்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பலாம். வட சிலாங்கூரில் பழைய சாகாவுக்கும் வீராவுக்கும் பஞ்சமில்லை. அடுத்த தோட்டத்தில், அடுத்த மரத்தடியில் இன்னொன்று இருக்கும்.